முப்பத்தேழாவது காயம்

சாவு வீட்டுக்காரர்களிடம் சொல்ல எனக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று இருக்கிறது. "உடம்பை இன்னைக்கே வாங்கிட்டுப் போகலாம். மூளை மட்டும் பதினாலு நாள் எங்ககிட்ட இருக்கணும்." இருபத்தோரு வருடமாகப் பிணப் பரிசோதனை செய்கிறேன். கத்தி பிடிக்கக் கை கூசியதில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இன்றைக்கும் நாக்கு உலர்ந்துபோகிறது.

சிலர் மண்ணை வாரித் தூற்றுவார்கள். சிலர், "பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள கிடைச்சிருமா?" என்று கேட்பார்கள். "கிடைச்சிரும், நான் பொறுப்பு" என்பார் பேச்சிமுத்து அண்ணாச்சி. எங்கள் பிணவறையில் முப்பது வருட உதவியாளர். வெறுமையான மண்டைக்குள் புது வெள்ளைத் துணியைச் சுருட்டி வைத்து, முடியை வாரிவிட்டு, தையல் தெரியாமல் தைத்துக் கொடுப்பார். கொள்ளி வைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எடுத்த மூளை தயிர் மாதிரி குழைவாக இருக்கும். அதை நூலில் கட்டி, மருந்துத் தண்ணீர் வாளிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டால் பதினான்கு நாளில் இறுகும். இறுகினால்தான் அடுக்குமானி அதைப் படிக்கும்.

எல்லா வினையும் அந்த அடுக்குமானியால்தான்.

"அது எப்படி மேடம் தேதி கூடச் சொல்லுது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் ஞானதுரை. எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலைதான் உலகநாதன் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மூளையை மானிக்குள் வைத்திருந்தோம்.

"உங்க வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பீங்களா?"

"அடிப்போம்."

"சுவத்தச் சுரண்டினா, இது போன வருஷம் அடிச்ச நீலம், இது அதுக்கு முந்தின வருஷம் அடிச்ச மஞ்சள்னு அடுக்கு அடுக்காத் தெரியும்ல? மூளையில அடிபட்டா அந்த இடத்த அதுவே பூசி மெழுகிக்கும். அதுக்கு மேல நாளாக ஆக ஒரு படலம் ஏறும். மிஷின் அந்தப் படலத்த எண்ணுது. அஞ்சு வருஷத்துக்குப் பின்னால வரைக்கும், ஒண்ணு ரெண்டு நாள் முன்னப்பின்ன சொல்லிரும்."

"அப்ப பொய்யே சொல்லாது."

"அது சொல்லாது. அத வச்சிக்கிட்டு நாமதான் சொல்லணும்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மானி துப்பிய தாளில் முப்பத்தேழு தேதிகள் இருந்தன. இரண்டு வருடம் நான்கு மாதத்துக்குள் முப்பத்தேழு தடவை தலையில் அடி. ஞானதுரை தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "படுபாவி, மனுஷனப் போட்டு இந்த அடி அடிச்சிருக்காளே!"

படுபாவி என்று அவர் சொன்னது உலகநாதனின் மனைவி வடிவை. பிள்ளை குட்டி இல்லாத வீடு, இரண்டே பேர்தான். மானி வந்த கையோடு ஒரு சட்டமும் வந்திருந்தது. வெவ்வேறு தேதியில் ஐந்துக்கு மேல் தலைக்காயம் இருந்தால், பார்த்துக்கொண்டவர் மேல் தொடர் கொடுமை வழக்கு தானாகவே பதிவாகிவிடும். அந்தச் சட்டத்தால் பிழைத்த குழந்தைகளை எனக்குத் தெரியும், அதனால் அதைத் திட்டவும் மனம் வராது.

"செத்தது எங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பனையடி விலக்கு பஸ் ஸ்டாப்புல மேடம். பகல் பதினோரு மணி. குப்புற விழுந்து கிடந்திருக்காரு. பாத்த சாட்சி யாருமில்ல. இவ அடிச்ச அடியில நொந்துபோன ஆளு, ரோட்டுல போய் விழுந்து செத்திருக்காரு." பனையடி விலக்கு என்றதும் எனக்குள் என்னவோ நெருடியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

தாளை மறுபடி பார்த்தேன். முப்பத்தாறு காயம் பின்மண்டைப் பக்கம். முப்பத்தேழாவது, உயிரை எடுத்தது, நெற்றியில். எத்தனையோ அடிபட்ட தலைகளைப் பார்த்தவள் நான். அடிக்கிறவன் இடம் பார்த்தா அடிக்கிறான்? கன்னம், நெற்றிப்பொட்டு, காது என்று கண்ட இடத்திலும் விழும். முப்பத்தாறு தடவையும் ஒரே பக்கம் அடிக்க எந்தக் கைக்கும் பொறுமை கிடையாது.

அன்று மத்தியானமே வடிவைக் கைது செய்து, சிறைக்கு அனுப்பும் முன் உடல் பரிசோதனைக்கு என்னிடம்தான் கூட்டிவந்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது தோள்பட்டை இறங்கியிருந்தது. பெண் போலீசை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "தோள்ல என்னம்மா?" என்றேன்.

"தூக்கித் தூக்கி எறங்கிட்டு."

"யாரத் தூக்கி?"

அவர் சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கமாகப் போனேன். "உங்க வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்ட எங்க வைப்பீங்க?"

அந்த அம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நெஞ்சுக்கு நேரா நான் பிடிச்சிக்கிடணும். கீழ வச்சா அவியளுக்குச் சோறு தெரியாது" என்றார்.

எனக்கு அது போதும். அந்த நோயின் பெயர் நீளம், சொன்னால் வாய் வலிக்கும். மூளைத் தண்டில் ஒரு கசடு சேரும். முதலில் கண் கீழே இறங்காது. நேரே பார்க்கும், பக்கத்தில் பார்க்கும், காலடி மட்டும் தெரியாது. கழுத்து விறைக்கும், பேச்சு குழறும். பிடி இல்லாமல் நின்றால் ஆள் மரம் மாதிரி பின்பக்கமாகச் சாய்வார். முப்பத்தாறு தடவை சாய்ந்திருக்கிறார். இந்த அம்மாள் முப்பத்தாறு தடவை தூக்கியிருக்கிறார். அதற்குப் பெயர் கொடுமை என்று அரசாங்கம் சொல்கிறது.

"வடிவம்மா, அவருக்கு இருந்தது சீக்கு. நீங்க அடிக்கலன்னு நான் எழுதிருவேன். மூளைத் தண்ட மிஷின்ல வச்சா, சீக்கு என்னைக்கு ஆரம்பிச்சதுன்னும் தெரிஞ்சிரும்."

கையெடுத்துக் கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா. என்னைக்கின்னு மட்டும் பாக்காதிய. நான்தான் அடிச்சேன்னு எழுதிக்கிடுங்க. நான் ஜெயிலுக்குப் போறேன், எனக்கு என்ன, அழுறதுக்குப் பிள்ளையா குட்டியா?"

"கிறுக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். பெண் போலீஸ் எட்டிப் பார்த்தாள். வடிவு எழுந்து அவள் பின்னால் போய்விட்டார்.

பார்க்காதே என்றால் பார்க்கிற சாதி நான். சாயங்காலமே தண்டை வைத்துப் பார்த்தேன். எங்கள் அறிக்கைப் படிவத்தில் காயத்துக்கு நாற்பது கட்டம் இருக்கிறது, நோய்க்கு ஒரே ஒரு கட்டம். எதைத் தேடுகிறோமோ அதற்குத்தானே கட்டம் போடுவார்கள். கசடு சேரத் தொடங்கி நான்கு வருடம் ஐந்து மாதம் என்றது மானி. உலகநாதன் ஓய்வுபெற்று மூன்று வருடம்தான் ஆகிறது. அப்படியானால் அந்த மனிதர் ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கண்ணோடு பஸ் ஓட்டியிருக்கிறார். வருடாந்திரக் கண் பரிசோதனையிலும் தேறியிருப்பார். எழுத்துப் பலகையை நேராகத்தானே மாட்டியிருக்கிறோம்?

அப்போதுதான் பனையடி விலக்கு எனக்கு நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கே நின்று கிளம்பிய பஸ்ஸின் முன் சக்கரத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை சிக்கியது. யாழினி என்று பெயர். அவளையும் நான்தான் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் சிவப்புச் செருப்பு இருந்தது. கண்டக்டர் கவனிக்காமல் இரண்டு விசில் கொடுத்தார் என்று சொல்லி அவருக்குப் பதினெட்டு மாதம் தண்டனை கிடைத்தது. விசில் கேட்டு வண்டியை எடுத்த டிரைவரை விட்டுவிட்டார்கள். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன், அந்த டிரைவர் உலகநாதன்தான்.

அந்தக் கண்டக்டர் மறுநாள் காலை தானே வந்து நின்றார். தங்கப்பழம். கட்டையான ஆள், நாற்பத்தைந்து வயது. வேலை போய், சிறைக்குப் போய்வந்து, இப்போது காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறார். "வடிவு மைனி உங்ககிட்ட ஏதும் சொன்னாவளா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"அவங்க சொல்லல. மூளை சொல்லிட்டு. நாலு வருஷம் அஞ்சு மாசம்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "சரிதான். அப்பத்தான் டிரைவர் அண்ணாச்சி முதல்தடவ எங்கிட்ட சொன்னாவ. ஏல தங்கம், பம்பருக்குக் கீழ எதுவும் தெரியமாட்டேங்குல, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், அதுவரைக்கும் நீ என் கண்ணா இருலன்னாவ. நானும் சரின்னுட்டேன். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பின்வாசல்ல எறங்கி, முன்னால நடந்து வந்து, பம்பருக்குக் கீழ குனிஞ்சு பாத்துட்டு, திரும்பி ஏறித்தான் விசிலு குடுப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓட்டினோம். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. கண்டக்டரு ரொம்பப் பொறுப்பான ஆளுன்னு பேரு."

"அன்னைக்கு ஏன் பாக்காம விசில் குடுத்தீங்க?"

"நான் குடுக்கவே இல்லியே!" என்றார். "பாக்கத்தான் எறங்கி நடந்து வந்துட்டிருந்தேன். அதுக்குள்ள வண்டி கெளம்பிட்டு."

"விசில் இல்லாம எப்படிக் கெளம்பும்?"

அவர் கதவைப் பார்த்தார். வெளியே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சொன்னார். "நம்ம சனங்களோட பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? எறங்கினவிய என்ன செய்வாவ? வண்டிய ரெண்டு தட்டுத் தட்டி, போலாம் ரைட்டுன்னு சொல்லுவாவ. கண்டக்டருக்கு ஒத்தாச பண்ணுதாவளாம். அன்னைக்கும் எறங்கின ஒரு பொம்பள தட்டினா. சில நேரம் விசிலுக்குப் பதிலா நானும் தட்டுவேன், அண்ணாச்சி நான்தான் தட்டுதேன்னு நெனச்சு எடுத்துட்டாவ. தட்டினது அந்தப் பிள்ளையோட அம்ம, டாக்டரம்மா."

அவர் பக்கத்தில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"கையில ரெண்டு பை. பிள்ள பக்கத்துல நிக்குன்னு நெனச்சிருக்கா. அது செருப்பு கழண்டு முன்னால உருண்டுட்டுன்னு எடுக்கப் போயிருக்கு. கோர்ட்டுல நான் விசில் குடுக்கலன்னா, பின்ன யாரு குடுத்தான்னு கேப்பான். அந்தப் பிள்ளத்தாச்சிய நிறுத்திவச்சு, நீதான உம் பிள்ளைய கொன்னேன்னு கேப்பான். அவ வயித்துல அப்ப இன்னொண்ணு, ஏழு மாசம். அதான் ரெண்டு விசில் குடுத்தது நான்தான்னுட்டேன். அண்ணாச்சிக்கும் சீக்கு வெளிய தெரியாமப் போச்சு. என்மேலயும் தப்பு இல்லியா? கண்ணா இருக்கேன்னு சொன்னவன் பின்தங்கிட்டேனே."

"அதுக்காக வடிவம்மா ஜெயிலுக்குப் போகணுமா?"

"சீக்குன்னு எழுதுங்க. மைனிய வெளிய விடுங்க. என்னைக்கு ஆரம்பிச்சதுங்கிறத மட்டும் எழுதாதிய. எழுதினா கேச மறுபடி தோண்டுவான். தோண்டினா கடைசியில அந்தப் பிள்ளையோட அம்ம கையிலதான் வந்து நிக்கும். உங்க காலப் பிடிக்கேன்." நிஜமாகவே குனிந்தார். "எந்திரிங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முந்தி வரும்.

அவர் போனபின் அறிக்கையை எழுதினேன். காயங்கள் நோயால் விழுந்து ஏற்பட்டவை, அடி அல்ல. நோயின் தொடக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. இருபத்தோரு வருடத்தில் தெரிந்ததைத் தெரியாது என்று நான் எழுதியதில்லை. அன்று எழுதினேன். "உறுதியாகச் சொல்ல இயலவில்லை." மூன்று பேர் சேர்ந்து கட்டிக்காத்த ஒரு பொய்யில் நானும் நாலாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன். நெற்றிக் காயம் மட்டும் எனக்கு உறுத்தியது. அந்த நோயாளி முன்பக்கம் விழமாட்டார். அரசாங்க வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, வடிவுதான் பிடரியில் தள்ளினாள் என்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதினாறாம் நாள் காலை. வடிவு உள்ளே இருந்ததால் தங்கப்பழம்தான் வந்து மூளையை வாங்கிக்கொண்டார். பேச்சிமுத்து அண்ணாச்சி புதுப் பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, ஈமக் கிரியை செய்கிறவர் மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். தங்கப்பழம் ஆற்றுக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது, இடுப்பில் இரண்டரை வயதுப் பையன். அறிக்கை இன்னும் என் மேசை மேல்தான் இருந்தது.

"என்னையத் தெரியுதா? எம் பிள்ளைய நீங்கதான் அறுத்திய. என் பேரு முப்புடாதி. பனையடி விலக்கு."

தெரிந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வடிவக்காவப் பிடிச்சு வச்சிருக்காவன்னு பேப்பர்ல போட்டிருக்கு. அவிய ஒண்ணும் செய்யல. டிரைவரு விழுந்தத நான் பாத்தேன். என் வீடு ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல. அன்னைக்கு யாழினி செத்த தேதி. மனுஷன் ஆட்டோவுல வந்து எறங்கி, ஆட்டோவ அனுப்பிட்டு, வேலிக்கம்பியப் பிடிச்சிக்கிட்டு அவ கெடந்த எடத்துல நின்னாரு. கையில ஒரு சின்னச் செருப்பு, செவப்பு. ஒத்தச் செருப்பு. அன்னைக்கு எங்க தேடியும் எனக்குக் கிடைக்கல. அவருகிட்டதான் இருந்திருக்கு."

பையன் இறங்க அடம்பிடித்தான். இறக்கிவிட்டு அவன் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அத அந்த எடத்துல வைக்கப் பாத்தாரு. கண்ணு கீழ போகவே மாட்டேங்கு. கழுத்தும் மடங்கல. கம்பிய விட்டுட்டு முழு உடம்பையும் குனிச்சாரு, அப்படியே முகத்துல போய் விழுந்தாரு. ஓடிப்போய் தலையத் தூக்கி மடியில வச்சேன். குழறிக் குழறி, எனக்குக் கீழ தெரியாதும்மா, எனக்குக் கீழ தெரியாதும்மான்னு ரெண்டு தடவ சொன்னாரு. உயிர் போயிட்டு. ஆளுங்க வாரதுக்குள்ள செருப்ப எடுத்துக்கிட்டு வந்துட்டேன். சாட்சி சொன்னா பழசெல்லாம் கேப்பாவன்னு பயம்."

முப்பத்தேழாவது காயத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"கீழ தெரியாதுன்னா என்ன டாக்டரம்மா அர்த்தம்? அதக் கேக்கத்தான் வந்தேன். செத்த அன்னைக்குத் தெரியாமப் போச்சா, இல்ல..." வலது உள்ளங்கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "இல்ல, அன்னைக்கே தெரியாதா? விசிலு குடுத்தேன்னு கண்டக்டர் சொன்னாரு. விசில் எதுவும் கேக்கல எனக்கு. வண்டியத் தட்டினது இந்தக் கைதான். தெனமும் இந்தக் கையாலதான் இவனுக்குச் சோறு ஊட்டுதேன். தட்டினது நான்னா, எடுத்தவரு ஏன் பாக்கலன்னு ஒருத்தர்கிட்டயும் என்னால கேக்க முடியல. கேட்டா நான் தட்டினதும் சேந்து வெளிய வந்திருமே."

ஐயோ, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! இவளுக்குத் தெரியக்கூடாது என்று ஒருவர் சிறைக்குப் போனார், ஒருத்தி சிறையில் இருக்கிறாள், நான் கை கூசாமல் பொய் எழுதிவைத்திருக்கிறேன். நாங்கள் மூடி மூடி வைத்ததில் இவள் மட்டும் தனியாக உள்ளே கிடந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அன்னைக்கே தெரியாதும்மா. அதுக்கு முன்னாலயே ஒரு வருஷத்துக்கு மேல தெரியாது. உன் பிள்ள நின்ன எடம் அவர் கண்ணுக்கு இல்லவே இல்ல. அந்த வண்டிய அவர் ஓட்டியிருக்கவே கூடாது. நீ தட்டினே. தினமும் ஆயிரம் பேர் தட்டுதாங்க. கண்ணு தெரிஞ்ச டிரைவர் பாத்துட்டுத்தான் எடுப்பாரு."

முப்புடாதி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பையன் பயந்துபோய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். பேச்சிமுத்து அண்ணாச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் அறிக்கையை எடுத்தேன். "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்பதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "நான்கு வருடம் ஐந்து மாதம்" என்று எழுதினேன்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட வந்து நீ பார்த்தத சொல்லுவியா?"

"வாரேன். தட்டினதையும் சொல்லுதேன்."

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வடிவு இரண்டாம் நாள் வெளியே வந்தார். பழைய வழக்கை மறுபடி எடுத்தார்கள். தங்கப்பழத்தின் தண்டனை ரத்தானது. உலகநாதனின் பெயர் ஊரெல்லாம் நாறியது. வடிவு அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நடக்கிறார், என்னைக் கண்டால் எதிர்த் தெருவுக்குப் போய்விடுகிறார். போகட்டும், அது அவருடைய நியாயம்.

அன்று ஸ்டேஷனுக்கு நாங்கள் மூவரும் டவுன் பஸ்ஸில்தான் போனோம். முப்புடாதி மூன்று வருடமாகப் பஸ் ஏறியதில்லையாம், என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஸ்டேஷன் ஸ்டாப்பில் பின்வாசல் வழியாக இறங்கினோம். எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒருவர் பழக்க தோஷத்தில் வண்டியைத் தட்டக் கையை ஓங்கினார். முப்புடாதி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். அவர், "என்னம்மா இது?" என்று முறைத்தார். பையனை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியின் முன்பக்கம் போனாள். பம்பருக்குக் கீழே நன்றாகக் குனிந்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு ஓரமாக வந்து நின்று, கண்டக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவர் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது.